இலக்கம் போட்ட கதிரையும் இறங்காத கப்பலும்

போன கிழமை நான் முந்தி வேலை செய்த கந்தோரிலை இருந்து ரண்டு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திச்சினம். கொம்பனி புதுசா ஒரு மோட்டார்க் கப்பல் வாங்கியிருக்காம். அதை வெள்ளோட்டம் விடுற விழாவைக் கடற்கரையிலை வைக்கப் போகினமாம். "ஐயா, கொம்பனியின்ரை முதல் கப்பலை இறக்கின விழாவை நீங்கள்தானாம் ஒழுங்குபடுத்தினது. எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ" எண்டு கேட்டினம். தாங்கள் போட்ட திட்டத்தையும் விரிச்சுக் காட்டிச்சினம். மேடை, ஒலிபெருக்கி, மந்திரிக்கு மாலை, பேப்பர்காரருக்குச் சாப்பாடு, எல்லாம் வடிவாத்தான் இருந்தது.

"கப்பலை ஆர் கடலிலை இறக்கிறது?" எண்டு கேட்டன்.

ரண்டு பேரும் ஆளையாள் பாத்துச் சிரிச்சினம். "ஐயா, அதுக்குக் கிரேன் வருகுது."

"அப்ப சுகம்தான். கிரேனுக்கு வெற்றிலை வைக்கத் தேவையில்லை" எண்டன்.

அவைக்கு விளங்கேல்லை. தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்கிடையிலை சொல்லி முடிக்கிற கதையும் இல்லை அது. அதாலைதான் ஆறுதலா இருந்து எழுதுறன்.

என்ரை படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிசா ஒண்டுமில்லை. இங்கிலிசு கொஞ்சம் படிச்சன். கொழும்பிலை ஒரு ஏத்துமதிக் கடையிலை பில் எழுதினன். அங்கத்தை வெக்கையும் மூட்டைப்பூச்சியும் ஒத்துவராமல் ஊருக்கு ஓடி வந்திட்டன். வந்த நேரம் நல்ல நேரம். முப்பதுகளின்ரை கடைசிப் பக்கம், வடமராட்சிக் கரையிலை எங்கடை துறையிலை ஒரு கப்பல் கொம்பனி துவங்கியிருந்தினம், அங்கை எனக்கு எழுத்துவேலை கிடைச்சுது. அதுக்கு முந்திக் கப்பல் எண்டால் ஒரு குடும்பத்தின்ரை சொத்து. இது அப்பிடியில்லை, பங்கு. வீட்டுக்கு வீடு பங்கு எடுத்திருந்தினம். சுருட்டுக் கொட்டில்காரர் எடுத்தார், நகை வேலை செய்யிறவர் எடுத்தார், கப்பலைக் கட்டின தச்சர்கூட எடுத்தினம். சந்தையிலை மீன் வாங்க வந்தவனும் "எங்கடை கப்பல் எந்த மட்டிலை நிக்குது?" எண்டு கேப்பான். ஊருக்கே ஒரு கலியாணம் வந்தமாதிரி. அந்தச் சந்தோசப் புழுகத்தை நினைச்சால் இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

கொம்பனி மனேச்சர் வேதநாயகத்தார். தெல்லிப்பழைக்காரர், மிசன் பள்ளிக்கூடத்திலை படிச்சவர். கொழும்பிலை துறைமுகத்திலை நல்ல உத்தியோகத்திலை இருந்து, அதை உதறிப்போட்டு எங்கடை மணலுக்கு வந்தவர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் களிசான், கறுத்தச் சப்பாத்து. எந்த மணலிலை நடந்தாலும் அந்தச் சப்பாத்து மினுங்கும், என்னண்டு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மனுசன் குரல் உயர்த்திக் கதைச்சதை நான் கேக்கேல்லை. பிழை ஒண்டு கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். அவர் துடைக்கத் துவங்கினாரெண்டால் கந்தோரிலை எல்லாரும் தங்கடை கொப்பியைத் திரும்ப ஒருக்காப் பாப்பினம்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "இராசையா, ஐப்பசி பிறக்க முந்திக் கப்பல் தண்ணியிலை நிக்கவேணும். விழாவை நீர் பாரும்" எண்டார்.

எனக்குத் தலைகால் தெரியேல்லை. நான் அதுவரைக்கும் ஒழுங்குபடுத்தின பெரிய விழா என்ரை அக்காவின்ரை கலியாணத்திலை பந்தி விளம்பினது மட்டும்தான்.

ஐப்பசிக்கு முந்தி ஏனெண்டால், பிறகு வாடைக்காத்து எழும்பியிடும். எழும்பினால் தை மாதம் வரும் மட்டும் கரையிலை ஒண்டும் செய்யேலாது. கொழும்பிலை இருந்து ஒரு அரிசி வியாபாரி விழாவுக்கு வாறார். கப்பல் மிதக்கிறதைத் தன்ரை கண்ணாலை கண்டால், வாடை தணியத் தன்ரை பறுமா அரிசி முழுக்க எங்கடை கப்பலிலை. காணாட்டி வேறை கப்பல்காரரிட்டைப் போயிடுவார். அது ஒண்டு. மற்றது என்ரை அத்தான். அக்காவின்ரை புருசன் முருகேசுதான் கப்பலுக்குத் தண்டயல், கப்பலோட்டி. சூறாவளிக்குப் பயப்பிடாத மனுசன். ஆனால் பூனை குறுக்கை போனால் திரும்பி வந்து, ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிடுவார். "குறிச்ச நேரத்திலை கடலுக்குப் போகாத கப்பலிலை நான் கால் வைக்கமாட்டன். என்ரை பெடியளும் வைக்கமாட்டாங்கள்" எண்டு முதலே சொல்லிப்போட்டார்.

ஆக, அந்த ஒரு காலமை பிழைச்சால் சரக்கும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. கொம்பனி படுத்திடும். ஊர்ச்சனத்தின்ரை பங்கெல்லாம் மணலிலை நிண்டு உக்கும். மனேச்சருக்குத் திரும்பிப் போகக் கொழும்பிலை கதிரையும் இல்லை.

வேதநாயகத்தார் வேலை செய்யிற விதத்தை எப்பன் விரிச்சுச் சொல்லவேணும். நான் பந்தற்காரனைக் கூட்டிவந்து எங்கை கால் நடுறது எண்டு கேட்டன். "முதல் நிலத்தை நடக்கவேணும்" எண்டார். "மூண்டு தரம். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு ஆளா."

முதற்தரம், விழாவுக்குத் தலைமை தாங்க வாற ஏசண்டர் துரையா, வெள்ளைக்கார அரசாங்க அதிகாரியா, நடந்தம். யாழ்ப்பாணத்திலை இருந்து நெல்லியடியாலை கார் வந்து றோட்டிலை நிக்கும். துரை இறங்கினால் சப்பாத்து மணலிலை புதையும். சரி, கிடுகு விரிச்சு அதுக்கு மேலை பாய். மேடையிலை இருந்தால் காலமை வெய்யில் வலக்கண்ணிலை குத்தும். சரி, அந்தப் பக்கம் மறைப்பு. பிறகு மனேச்சர் மூக்கை உறிஞ்சிப் பாத்தார். கப்பல் சறுக்கிப் போகப் போட்டிருந்த பனங்குத்தியளுக்குச் சுறா எண்ணெய் பூசியிருந்தது. அது மணத்தால் பேயும் கிட்ட வராது. காத்துப் பாத்து மேடையை மற்றப் பக்கம் மாத்தினம். பன்னீரும் ரண்டு போத்தில் கூடச் சொன்னார்.

ரண்டாம்தரம் தண்ணி காவிற ஆளா நடந்தம். சும்மா நடக்கேல்லை. மனேச்சர் தலைமைத் தச்சர் ஓடாவியாரிட்டை ஒரு குடம் வாங்கி, கிணத்திலை நிரப்பி, அந்த வெள்ளைக் கோட்டோடை தோளிலை வைச்சு நடந்தார். வேலை செய்துகொண்டு நிண்ட தச்சர் உளியைக் கீழை வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். பாதி வழியிலை நிண்டு, "இந்த இடத்திலை நான் துரையோடை முட்டுறன்" எண்டார். தண்ணிப் பாதையைப் பந்தலுக்குப் பின்னாலை திருப்பினம்.

மூண்டாம்தரம்தான் பகிடி. "இராசையா, இப்ப நீர் கப்பல்" எண்டார்.

"என்னய்யா?"

"கப்பல். கையை விரிச்சுக்கொண்டு கடல் வரும் மட்டும் போம்."

கை அகலம் காணாதெண்டு ரண்டு கையிலும் ஒவ்வொரு மூங்கிலைத் தந்தார். நான் அதை நீட்டிக்கொண்டு, மெள்ள மெள்ள, ஆடாமல் அசையாமல் கடலுக்குப் போறன். பின்னாலை தச்சர், பெண்டுகள், நாய் எல்லாம் வருகுது. இடக்கை மூங்கில் ஒரு கம்பத்திலை தட்டிச்சுது. "ஆ! அந்தக் கால் பிழை. எட்டி வையுங்கோ" எண்டார். அதுக்குப் பிறகு ஊரிலை எனக்குப் பேர் "கப்பல் இராசையா". இண்டைக்கும் அதுதான்.

பிறகு வந்தது கதிரைச் சோலி. அந்தக் காலத்திலை ஒரு சபையிலை ஆருக்குக் கதிரை, ஆருக்கு வாங்கு, ஆருக்குப் பாய், ஆர் வேலிக்கு வெளியிலை நிக்கிறது எண்டது அடிபாட்டிலை முடியிற விசயம். ஊர்ப் பெரியவை ரண்டு மூண்டு பேர் கந்தோருக்கு வந்து, "எல்லாருக்கும் ஒரேமாதிரிக் கதிரையோ? எங்கடை வழக்கத்திலை இல்லாத வேலை" எண்டு நிண்டினம். மனேச்சர், "பங்கு எடுத்த எல்லாருக்கும் கதிரை. பங்கு எடுத்த ஒழுங்கிலை இலக்கம். அழைப்பு அட்டையிலை அந்த இலக்கம் இருக்கும். கதிரையிலையும் இருக்கும்" எண்டார். அதோடை கதை முடிஞ்சுது. நெல்லியடியிலை இருந்தும் பருத்தித்துறையிலை இருந்தும் பள்ளிக்கூடக் கதிரை, கலியாணக் கதிரை எண்டு வண்டில் வண்டிலா வந்து இறங்கிச்சுது. முதுகிலை சுண்ணாம்பாலை இலக்கம் எழுதினது நான்தான்.

முதலாம் இலக்கம் மனேச்சர். ரண்டாம் இலக்கம் எங்கடை விதானையார், ஊர்ப் பதிவு பாக்கிற அரசாங்கத் தலைமைக்காரர். நாலாம் இலக்கம் சரவணமுத்தர், ஒரு காலத்திலை மூண்டு கப்பல் வைச்சிருந்தவர். விதானையாரும் சரவணமுத்தரும் கோயில் மரியாதையிலை பிரச்சினைப்பட்டு, எதிர் எதிரா வந்தாலும் வேலியைப் பாத்துக்கொண்டு போறவை. அவைக்கு நடுவிலை மூண்டாம் இலக்கம். அது அன்னமுத்தக்கா.

அன்னமுத்தக்கா கப்பல் கட்டுற இடத்தடியிலை அப்பம் சுட்டு விக்கிறவ. வயது நாப்பது வராது. அவவின்ரை புருசன் எங்கடை அத்தானோடை ஒண்டாக் கப்பலோடினவர். பறுமாப் பக்கம் புயலிலை கடலோடை போயிட்டார். கொம்பனி துவங்கினவுடனை, "இனி இது எனக்கென்னத்துக்கு" எண்டு காதுத் தோட்டை வித்துப் பங்கு எடுத்த மனிசி. ஆனால் ஒரு கப்பல் வெளிக்கிடுற நாளெண்டால் அவ அப்பக் கொட்டிலின்ரை படலையைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கை இருந்திடுவா. பயணம் போறவைக்கு முன்னாலை கைம்பெண் வந்தால் முழிவியளம், வெளிக்கிடேக்கை முதல் காணுற முகம், சரியில்லை, கெட்ட சகுனம் எண்டு ஊர் சொல்லும். ஆரும் வந்து அவவுக்குச் சொல்லத் தேவையில்லாமல் தானா ஒதுங்கிக்கொள்ளுவா.

அட்டை கிடைச்சவுடனை கந்தோருக்கு வந்தா. "ஐயா, நான் முன்னுக்கு வந்து குந்தினால் நல்ல காரியத்துக்குச் சரிவராது. என்ரை கதிரையிலை ஆரையும் இருத்துங்கோ. நான் கொட்டிலடியிலை நிண்டு பாக்கிறன்."

மனேச்சர் அட்டையைத் திருப்பி அவவின்ரை கையிலை குடுத்தார். "மூண்டாம் இலக்கம் உங்கடை, அம்மா. நீங்கள் இராட்டி அது வெறுமையா இருக்கும்."

விழாவுக்கு முதல் நாளும் அண்டைக்கும் நான் நித்திரை கொண்டதா எனக்கு ஞாபகமில்லை, ஆனால் அலுப்பும் தெரியேல்லை. நீர்வேலியிலை இருந்து குலையோடை வாழை வந்துது. கடதாசிக் கொடி, மாவிலை, தோரணம். மேளகாரர் காலமையே வந்து நாதஸ்வரத்துக்குச் சுருதி பாத்தினம். கப்பலின்ரை பக்கங்களுக்கு எண்ணெய் பூசி, வெய்யில் பட அது பொன்மாதிரி நிண்டுது. ஐயோ, என்ன வடிவு! ஊர்ச்சனம் பட்டு வேட்டி, சரிகைச் சால்வை, காதிலை கடுக்கன் எண்டு வந்து, அட்டையைப் பாத்து, கதிரையைப் பாத்து, இலக்கத்தைத் தடவிப் பாத்துக் குந்திச்சினம். பங்குக்கார வீட்டுப் பெடியள்கூட மடிப்புக் கலையாத சட்டையோடை கதிரைக்குப் பின்னாலை வரிசையா நிண்டாங்கள். ஒரு சனம் இடம் மாறி இருக்கேல்லை. கொழும்பு வியாபாரி என்ரை தோளிலை தட்டி, "நல்ல ஒழுங்கு" எண்டார். நான் நிலத்திலை நிக்கேல்லை.

துரை வந்தார். பாயிலை நடந்தார், சப்பாத்துப் புதையேல்லை. தண்ணிக்குடம் ஒண்டும் அவரோடை முட்டேல்லை. பன்னீர் மணத்துது. ஐயர் கப்பலின்ரை முன்பக்கத்திலை பூசை செய்து தேங்காய் உடைச்சார். அத்தானும் அவரின்ரை ஆக்களும் கப்பலுக்கு மேலை ஏறி நிண்டினம். கப்பலைக் கட்டின தலைமை ஓடாவியார் கந்தப்பர் ஆப்புகளைத் தட்டிக் கழட்டினார்.

வடத்தைப் பற்றிச் சொல்லவேணும். கப்பலிலை கட்டின வடம் கடலுக்குள்ளை போய், அங்கை நங்கூரத்திலை பிணைச்சிருந்த பெரிய கப்பியைச் சுத்தித் திரும்பக் கரைக்கு வரும். ஆக்கள் கரைப்பக்கமா இழுத்துக்கொண்டு நடக்க, கப்பல் கடல்பக்கம் போகும். அந்த வடம் மணலிலை நீளத்துக்குக் கிடந்துது.

"வடம் பிடியுங்கோ!" எண்டு கந்தப்பர் கத்தினார்.

தச்சர் ஓடிப்போய்ப் பிடிச்சாங்கள். அவங்கள் ஒரு முப்பது பேர். இழுத்தாங்கள். கப்பல் முனகிச்சுது, அசையேல்லை. அதை அசைக்க முந்நூறு பேர் வேணும். அந்த முந்நூறு பேர் எங்கை?

கதிரையிலை.

பந்தலுக்குள்ளை ஓடினன். "சின்னத்தம்பியண்ணை, வாங்கோ, வடம் பிடிக்கவேணும்!"

"நானோ?" எண்டு மனுசன் அட்டையை நீட்டினார். "தம்பி, நான் எழுபத்திரண்டாம் இலக்கமெல்லோ."

அடுத்த வரிசைக்கு ஓடினன். "எழும்பலாம் இராசையா. ஆனால் நான் எழும்ப உவன் வந்து குந்திடுவான். பேந்து எழுப்பேலுமோ?" எண்டார் ஒருத்தர். உவன் எண்டு காட்டினது சொந்தத் தம்பியை. இன்னொருத்தர், பட்டு வேட்டியிலை சுறா எண்ணெய் பட்டால் பெண்சாதிக்கு ஆர் பதில் சொல்லுறது எண்டார். கடைசி வரிசையிலை பனை ஏறிக் கள்ளுச் சீவுற ஒரு சீவல்காரர், நல்ல பலசாலி, இருந்த கதிரையின்ரை ரண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மெள்ளச் சொன்னார்: "நயினார், நான் பிறந்து இண்டைக்குத்தான் சபையிலை கதிரையிலை இருக்கிறன். என்னை எழும்பெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

நான் வடத்தடிக்குத் திரும்பினன்.

கந்தப்பர் வந்து என்ரை கையைப் பிடிச்சார். "வெற்றிலை கொண்டுபோனது ஆர்?"

"என்ன வெற்றிலை?"

"கோதாரி! முந்தியெல்லாம் கப்பல்காரன் முதல் நாள் தட்டத்திலை வெற்றிலை வைச்சு வீடு வீடாப் போவான். அடுத்த துறைக்கும் போவான். வெற்றிலை எடுத்தவன் வந்து இழுப்பான். அது மரியாதை, கூலியில்லை. இந்த முறை ஆர் போனது?"

ஆரும் போகேல்லை. அட்டை போயிட்டுதெண்டு எல்லாரும் நினைச்சிட்டம். அந்த அட்டை வந்து குந்தச் சொல்லிச்சுது, இழுக்கச் சொல்லேல்லை. அடுத்த துறையிலை வேதக்கார மீன்பிடிகாரர், மாதா கோயில் சனம், வழக்கமா முதல் வந்து வடம் பிடிக்கிறவை, எங்கடை எல்லைக்கு அங்காலை வள்ளத்தடியிலை கையைக் கட்டிக்கொண்டு நிண்டு பாத்துக்கொண்டிருந்தினம். அழையாத வீட்டுக்கு அவை என்னத்துக்கு வருகினம்?

மனேச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "மூண்டு தரம் நடந்தம், இராசையா" எண்டார். "இழுக்கிறவனா ஒருக்காலும் நடக்கேல்லை."

மேலை பாத்தால் அத்தான் சூரியனைப் பாக்கிறார். நேரம் போகுது. துரை தன்ரை மணிக்கூட்டை எடுத்துப் பாத்தார். கொழும்பு வியாபாரி பக்கத்திலை நிண்டவரோடை குசுகுசுத்தார்.

அப்பதான் எனக்கு ஒரு விசர் யோசினை வந்துது. எங்கடை சனம் கெஞ்சினால் அசையாது, மரியாதை எண்டால் பாயும். தேர்வடத்திலை முதற் பிடிக்கு வழக்குப் போட்ட ஊரெல்லோ இது! துரைக்கெண்டு மேடையிலை வைச்சிருந்த வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கினன். விதானையாருக்கு முன்னாலை போய், ஊருக்கே கேக்கக் கத்தினன்: "விதானையார் ஐயா, வடத்திலை முதற் பிடி உங்கடை!"

விதானையார் சால்வையைச் சரி பண்ணிக்கொண்டு எழும்பினார். அவர் எழும்பி முடியேல்லை, சரவணமுத்தர் எழும்பியிட்டார்.

"ஆர் சொன்னது? கப்பல் கண்டவன் நானோ, பதிவுக் கொப்பி கண்ட உவரோ?"

"உம்மடை கப்பலெல்லாம் இப்ப எங்கை? விறகாப் போச்சு!"

சரி, நான் நினைச்சது நடந்துது. பந்தல் முழுக்க எழும்பிச்சுது. ஆனால் நான் நினையாததும் நடந்துது. பாதிச்சனம் விதானையார் பக்கம், பாதி சரவணமுத்தர் பக்கம். எல்லாரும் வடத்தடிக்கு வந்திட்டினம், ஒருத்தரும் தொடுறாரில்லை. முதற் பிடி தீராமல் ரண்டாம் பிடி ஆர் பிடிக்கிறது? ரண்டு பெரியவரும் வடத்துக்கு ரண்டு பக்கமும் நிண்டு கையை நீட்டி நீட்டிப் பேசுகினம். நெருப்பை அணைக்கப் போய் எண்ணெய் ஊத்தினமாதிரி ஆச்சு என்ரை வேலை. எனக்கு அழுகை வந்திட்டுது.

அந்த அமளிக்குள்ளை வெள்ளைச் சீலை ஒண்டு வந்துது. அப்பக் கொட்டிலடியிலை இருந்து அன்னமுத்தக்கா. ஊரிலை பங்கு எடுத்த அத்தினை பேரிலும், வேலை செய்யிற தச்சரை விட்டால், அண்டைக்குக் கதிரையிலை குந்தாத ஒரே ஆள். மாக் கையைச் சீலையிலை துடைச்சா. ரண்டு பேருக்கும் நடுவிலை குனிஞ்சு வடத்தைத் தூக்கினா.

"உங்கடை மரியாதையை நீங்கள் பேந்து ஆறுதலாப் பங்கிடுங்கோ" எண்டா. "என்ரை பங்கை நான் இழுக்கிறன்."

ரண்டு பெரியவரும் நீட்டின கையோடை நிண்டினம். ஆரோ ஒரு மனிசி, "ஐயோ, நல்ல நேரத்திலை... முழிவியளம்!" எண்டு வாயிலை அடிச்சா. எல்லார் முகமும் மேலை திரும்பிச்சுது, கப்பலுக்கு. அத்தான் அங்கை நிண்டு கீழை பாக்கிறார். பூனைக்குத் திரும்பி வாற மனுசன். அவர் இப்ப ஒரு வார்த்தை "இல்லை" எண்டால் எல்லாம் முடிஞ்சுது.

அன்னமுத்தக்காவும் மேலை பாத்தா. கை வடத்தை விடப் பாக்கிறமாதிரி எனக்குத் தெரிஞ்சுது.

அத்தான் கப்பல் விளிம்பிலை ரண்டு கையையும் ஊண்டிக் குனிஞ்சு கத்தினார்: "விடாதேங்கோ அக்கா! பிடிச்சது பிடிச்சதுதான்! இழுங்கோ!"

நான் திரும்ப முந்தி வேதநாயகத்தார் அவவுக்குப் பின்னாலை போய் வடத்தைப் பிடிச்சிட்டார். வெள்ளைக் கோட்டு, சுறா எண்ணெய், எல்லாம் ஒண்டாப் போச்சு. என்னைப் பாத்து, "தட்டம் இன்னும் உம்மடை கையிலைதான் இருக்கு. அங்கை கொண்டு ஓடும்!" எண்டு எல்லைக்கு அங்காலை காட்டினார்.

ஓடினன். மணலிலை விழுந்தெழும்பி ஓடினன். மீன்பிடிகாரருக்கு முன்னாலை தட்டத்தை நீட்டினன், மூச்சு வரேல்லை. அவையிலை மூத்தவர், அந்தோனிப்பிள்ளையர், என்னை மேலும் கீழும் பாத்தார்.

"இப்பதான் ஞாபகம் வந்ததோ?"

"பிழைதான் அண்ணை. எடுங்கோ."

ஒரு வெற்றிலையை எடுத்து மடியிலை செருகினார். "அம்பா பாடுங்கோடா!" எண்டார். அவ்வளவுதான். ஆக்கள் பாட்டோடை ஓடி வந்தினம். அதுக்கிடையிலை பந்தலிலை ஒரு கதிரை மிச்சமில்லாமல் எல்லாம் கவிண்டு கிடக்குது. விதானையார் வடத்திலை, அவருக்கு ஒட்டினாப்போலை சரவணமுத்தர், அவருக்குப் பின்னாலை எழுபத்திரண்டாம் இலக்கம், கதிரையை விடமாட்டன் எண்ட சீவல்காரர், எண்ணெய்க்குப் பயந்த பட்டு வேட்டி, வரிசையா நிண்ட பெடியள், எல்லாரும். பெண்டுகளும் சீலையைச் செருகிக்கொண்டு வந்திட்டினம். நானும் ஒரு இடத்திலை புகுந்து பிடிச்சன்.

ஏலே எண்டு ஒரு இழுவை. கப்பல் முனகிச்சுது. இன்னொரு இழுவை. பனங்குத்தி ஒண்டு உருண்டுது. "அசையுது! அசையுது!" எண்டு கந்தப்பர் குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளுறார். பிறகு எங்களுக்கு இழுக்கிற வேலையே இருக்கேல்லை. வடம் தொய்ஞ்சு போச்சு. கப்பல் தன்ரை பாட்டிலை ஓடுது, குத்தியள் புகைக்குது, முன்பக்கம் தண்ணியை வெட்டி ரண்டு பக்கமும் எறியுது. மிதந்திட்டுது! மேளகாரர் மேளத்தை விட்டிட்டு வடம் பிடிச்சு நிண்டதாலை மேளம் அடிக்க ஆளில்லை. சனம் போட்ட சத்தம் காணும். நான் ஆரைக் கட்டிப்பிடிச்சன் எண்டு எனக்கே தெரியாது. துரை தொப்பியைக் கழட்டி ஆட்டினார். கொழும்பு வியாபாரி மனேச்சரின்ரை எண்ணெய்க் கையைப் பிடிச்சுக் குலுக்கினார், பிறகு தன்ரை கையை மணந்து பாத்தார்.

வேதநாயகத்தாரின்ரை சப்பாத்திலை அண்டைக்குத்தான் மணல் கண்டன்.

இப்ப ஊரிலை போய், முதல் கப்பலுக்கு முதற் பிடி ஆர் பிடிச்சது எண்டு கேளுங்கோ. விதானையார் வீட்டிலை "எங்கடை ஐயா" எண்டு சொல்லுவினம். சரவணமுத்தர் வீட்டிலை "எங்கடை அப்பு" எண்டு சொல்லுவினம். நான் வாய் திறக்கிறேல்லை. முதற் பிடி பிடிச்ச ஆளை அத்தானுக்குத் தெரியும்.

வாடை தணிஞ்சு தை பிறந்துது. கப்பல் முதற் பயணம் வெளிக்கிடுற காலமை. புகையிலைச் சிப்பமும் தண்ணிப் பீப்பாவும் ஏத்தியாச்சு, ஐயர் திருநீறு குடுத்தாச்சு, கப்பலுக்குக் கொண்டுபோற வள்ளம் கரையிலை நிக்குது. அத்தான் ஏறாமல் மணலிலை நிக்கிறார்.

"என்ன அத்தான், நேரம் போகுதெல்லோ?"

"அன்னமுத்தக்கா எங்கை?" எண்டார்.

நான் அப்பக் கொட்டிலைப் பாத்தன். படலை சாத்தியிருந்துது. வழக்கம்போலை.

அத்தான் நேரை நடந்துபோய்ப் படலையிலை தட்டினார். "அக்கா, வெளியிலை வாங்கோ."

"நீ போட்டு வா தம்பி. நான் இப்ப முன்னாலை வரப்படாது."

"உங்களைப் பாத்திட்டுத்தான் வள்ளத்திலை ஏறுறது. வராட்டி இண்டைக்குப் பயணம் இல்லை. இந்தக் கப்பலுக்கு நல்ல முழிவியளம் நீங்கள்தான்."

பிறகு படலை திறந்துது. அவ தலையைக் குனிஞ்சுகொண்டு வந்து வள்ளத்துக்கு முன்னாலை நிண்டா. கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிண்டா. அத்தானும் பெடியளும் ஒவ்வொருத்தரா அவவின்ரை முகத்தைப் பாத்து, "போட்டு வாறம் அக்கா" எண்டு பயணம் சொல்லிச் சொல்லி ஏறிச்சினம்.

அதுக்குச் சொல்லவேண்டிய மறுமொழி, புருசன் போன நாளிலை இருந்து அவ ஒரு கப்பலுக்கும் சொல்லாத சொல்லு. சீலைத் தலைப்பை விட்டிட்டுத் தலையை நிமித்தினா.

"போட்டு வாங்கோ" எண்டா.